ஓவர்கோட்டுக்குள் எட்டு மாதம்

கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் அது பொய்யாகுமா?

இருபத்தைந்து வருடமாக யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அந்தக் கோட்டின் வாடை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது... பாச்சை உருண்டையும் விறகுப் புகையும் கலந்த வாடை. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்றுவிட்டுப் போன ஓவர்கோட்டு. என் கணவருக்கென்று வாங்கியது. அதற்குள் நானும் என் எட்டு மாத வயிறும் தாராளமாக அடங்கினோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் வாடகை வீடு. கணவருக்கு மின்சார இலாகாவில் வேலை. நான் சென்னையில் பி.எஸ்ஸி.யும் ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி.யும் முடித்துவிட்டு வீட்டில் பருப்பு வேகக் காத்திருந்தவள். கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளிக்கு சயின்ஸ் டீச்சர் தேவை என்று தெரிந்ததும் எழுதிப் போட்டேன். இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் வயிற்றைப் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை.

அம்மா இல்லாதவள் நான். அதனால் கணவரின் அம்மாவே பழனியிலிருந்து வந்து வளைகாப்பு நடத்திவிட்டு, பிரசவத்துக்காக எங்களோடு தங்கியிருந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இன்டர்வியூ என்றதும் அவர் சத்தம் போடவில்லை.

"வளையல் போட்ட கையோட வேல கேட்டுப் போறவள நான் பாத்ததில்ல."

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவருடைய கோபம் அப்படித்தான்.

எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

அன்று பார்த்து பஸ் வரவில்லை. மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டு மலை ஏறிக்கொண்டிருந்த காய்கறி லாரியில் இடம் கிடைத்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பத்து மணிக்கு அங்கே இருக்கவேண்டும், கொஞ்சம் வெரசாப் போங்க என்றேன்.

"புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு வெரசாவா? எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா எனக்குச் சோறு கெடையாது தாயி."

கோட்டை நம்பியிருந்தவளுக்கு அது முதல் அடி. பக்கத்தில் உட்கார்ந்ததால் தெரிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலில் இறங்கினேன்.

தலைமையாசிரியை வெளிநாட்டுப் பெண்மணி. தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்தச் சொன்னார்.

கொடைக்கானலில் பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று ஆரம்பித்தேன். பலர் மேல்மலைக் கிராமத்துப் பெண்கள். அது அவர்கள் வீட்டுச் சங்கதி. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று போர்டில் படம் வரைந்தேன். கைகள் வரிசையாக உயர்ந்தன. ஒரு பெண் எழுந்து, பழனியில் அவள் சித்தி வீட்டில் வெரசா வெந்துவிடுவது இதனால்தானா டீச்சர் என்று கேட்டாள்.

டீச்சர்... என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் குரல் அது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

எழுத எழுத, கோட்டுக் கைக்குள்ளிருந்து இரண்டு டஜன் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வகுப்பு முழுவதற்கும் புரிந்துவிட்டது. தலைமையாசிரியைக்கு மட்டும் புரியவில்லை.

வெளியே வந்ததும் சொன்னார்: "பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சு. வளையல் சத்தம் வேண்டாம். கழட்டுங்க."

பிரசவம் வரை வளையலைக் கழற்றக்கூடாது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அன்றும் நான் அதை நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. வேலையோ கைக்கெட்டும் தூரத்தில்... ஆனால் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டபோது அத்தை கண்மூடி வேண்டிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன்.

கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தேன்.

"அடுத்த மாசம் எனக்குப் பிரசவம். அதுவரைக்கும் கழட்ட மாட்டேன்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். வீட்டில் மாமியார் இருக்கிறார், ஆனால் பார்ப்பாரா என்று தெரியாது என்றேன். யோசிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

போன மாதம் என் மகள் ஏழு மாத வயிற்றோடு மதுரையில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனாள். உட்கார்ந்ததுமே அவர்களிடம் சொல்லிவிட்டாளாம். எதையும் மறைக்கவில்லை, பயமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். வேலை கிடைப்பது மட்டும் இப்போதும் சந்தேகம்தான் என்கிறாள். ஆனாலும் அந்த எட்டாம் வகுப்பில் எனக்கு வந்த சிலிர்ப்பை யார் கேட்டாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எனக்கு அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் கதை சொல்வார்கள். அப்படி இல்லை.

மறுநாள் மதியம் தலைமையாசிரியை குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். செண்பகனூர் வரை நடந்தே வந்திருந்தார். நேராக அத்தையிடம் போய், இவர் வேலைக்கு வந்தால் குழந்தையை யார் பார்ப்பது என்று கேட்டார்.

அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எம் பேரப்புள்ளய நான் பாக்காம ஊர்க்காரியா பாப்பா? இவ என்னிக்கு வரணும், அதச் சொல்லுங்க."