தண்ணி நோட்டீஸும் என் எடிட்டரும்

எங்க எஸ்டேட் ஆபீஸ்ல இன்டர்நெட் நல்லா கிடைக்கும். கோலாலம்பூர் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுற என் வேலையை அங்க உட்கார்ந்துதான் செய்வேன். அதுக்குக் கைமாறா, ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி மேரி அக்காவுக்குச் சின்னச் சின்ன டைப்பிங்.

இன்னைக்குக் காலையில, "நாளைக்குத் தொழிலாளிங்க லைன் வீடுகளுக்குத் தண்ணி வராதுன்னு தமிழ்ல ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடு தம்பி"ன்னாங்க. அடிச்சுக் குடுத்தேன்.

அப்புறம் கம்ப்யூட்டர்ல நான் புரோகிராம் எழுதுற எடிட்டரைத் திறந்தா ஒரு கீயும் வேலை செய்யல. அதுல எழுத ஒரு மோட், கட்டளை குடுக்க இன்னொரு மோட். கட்டளைக்குன்னு நானே அமைச்சு வச்ச கீ அத்தனையும் செத்துப்போச்சு.

மூடி மூடித் திறந்தேன். செட்டிங்ஸைப் பழைய காப்பிக்கு மாத்தினேன். ரெண்டு மணி நேரம் போச்சு.

இந்த எடிட்டர்ல கீ அமைக்கிறது எப்படின்னு யூடியூப்ல பாடம் எடுக்குறவன் நான்.

கடுப்புல போனை எடுத்து, எடிட்டரோட கூடுதலா நான் போட்டிருக்கிற பிளகினை எழுதினவருக்கு, 'உங்க அப்டேட் எல்லாத்தையும் கெடுத்துருச்சு'ன்னு நீளமா ஒரு புகார் அனுப்பினேன்.

தேத்தண்ணி கொண்டு வந்த மேரி அக்கா திரையைப் பார்த்தாங்க. "மூலையில இன்னும் தமிழ்னு இருக்கே. நோட்டீஸ் அடிச்ச பிறகு கீபோர்டை மாத்தலையா?"

மாத்தல லா.

மாத்தினேன். இங்கிலீஷ் எழுத்துக்குன்னு அமைச்ச எல்லா கீயும் எழுந்து உட்கார்ந்துச்சு.

அதுக்குள்ள பிளகின்காரர் பதில் போட்டுட்டார். பின்லாந்துல இருக்காராம். மன்னிப்புக் கேட்டு, லீவு நாள் முழுக்க உட்கார்ந்து தப்பைத் தேடுறேன்னு எழுதியிருக்கார்.

எங்க லைன்ல நாளைக்குத் தண்ணி வராதுங்கிறதுல இருந்து ஆரம்பிச்சு, அவருக்கு இதை எப்படி விளக்குறது? யாராச்சும் சொல்லுங்க.