ஐரோப்பிய நிதிக்காகத் தெரியாமல் உபவாசம் இருந்தவர்கள்

போன பிப்ரவரியில், ஆகஸ்டோடு எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் எங்கள் புதிய டீன். வயது நாற்பது. சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே ஆளை அனுப்பத் தெரிந்தவர்களைத்தான் இப்போது டீன் ஆக்குகிறார்கள்.

இதைச் சபையில் சாட்சியாகச் சொல்ல மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அந்த மூன்று நிமிடத்தில் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் என் மானம் போகாத அளவுக்கு மட்டும் உண்மை. மீதியை ஆண்டு மலரில் எழுதித் தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் ஷார்ஜாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கலைப்புலத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கலைப்புலம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் நான்கு பேர். பொறியியல் மாணவர்களுக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொடுப்போம். டீன் எங்களை அழைத்து, "வெளியிலிருந்து ஆராய்ச்சி நிதி கொண்டுவாருங்கள், ஐரோப்பாவிலிருந்து என்றால் உத்தமம், இல்லையென்றால் ஒப்பந்தம் முடிகிறவர்களைப் புதுப்பிக்க முடியாது" என்றார். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறவர்கள் இரண்டு பேர். நானும், தத்துவம் நடத்தும் ஜோர்டான்காரர் யூசுஃபும்.

என் மனைவி ஹெலன், மகள் பெனிட்டா, இருவர் விசாவும் என் பெயரில்தான். பெனிட்டா பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கப் போகிறாள். பாதியில் பிடுங்கிக்கொண்டு போய் ஊரில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஐம்பத்தொரு வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பது? நெஞ்சு அடைத்தது. டாக்டர் வாயு என்றார்.

ஐரோப்பாவில் கலைப்புல ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். நான் கண்டுபிடித்தது ஒரு சிறு நிதி. மூன்று நாடுகளிலிருந்து மூன்று பல்கலைக்கழகங்கள் கைகோத்து விண்ணப்பிக்க வேண்டும். வெளியே இருக்கிற என்னைப் போன்றவர்கள் நாலாவதாகத் தொற்றிக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் நண்பனுக்கு நண்பன் மாதிரி. இலை கிடைக்கும். 'நீங்க யாரு?' என்ற கேள்வியும் கிடைக்கும்.

படிவம் என்றால் அது படிவம். 'வொர்க் பேக்கேஜ்' என்கிற வேலைப் பொதி ஒன்று, வேலைப் பொதி இரண்டு. இடர் வந்தால் என்ன செய்வீர்கள், இடர் வராவிட்டால் என்ன செய்வீர்கள். 'உங்கள் ஆய்வால் சமூகத்தில் ஏற்படும் தாக்கம் யாது?' என்று ஒரு முழுப் பக்கம். நான் இருபது வருஷம் கற்பித்ததில் சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம், சில நூறு பொறியாளர்கள் 'டியர் சார்' என்பதற்குப் பின்னால் காற்புள்ளி போடுவது. இப்படி ஒரு படிவத்தை நிரப்பி ஒருவன் கலைகளைக் காப்பாற்ற முடியுமானால், கலைகள் சாகட்டும் என்று தோன்றியது. ஆனாலும் நிரப்பினேன். விசா அப்படி.

என் தலைப்பு இது: 'வளைகுடாப் புலம்பெயர் வெளிகளில் நினைவின் பொருண்மையும் மறதியின் அரசியலும்.' என் கையைப் பிடித்து யாரும் எழுத வைக்கவில்லை. நானே எழுதினேன். எழுதிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஹெலனுக்கு வாசித்தும் காட்டினேன். அவள், "மறந்துபோறதுல என்னங்க அரசியல்? பால் வாங்க மறந்துட்டீங்களே, அதுவா?" என்றாள்.

மார்ச் முழுக்க ஐரோப்பியப் பேராசிரியர்களுக்கு எழுதினேன். பாதிப் பேர் விடுப்பில் இருந்தார்கள். விடுப்பில் இருக்கிறோம் என்று தானாகவே பதில் வந்தது. மீதிப் பேர் விடுப்பில் இல்லை. அவர்களிடமிருந்து அதுகூட வரவில்லை. ஒரே ஒருவர், லிஸ்பனில் இருக்கும் அம்மையார், துறைமுக ஊர்களில் பல கூட்டத்தார் பங்கிட்டுக்கொண்ட தேவாலயங்களைப் பற்றி ஆராய்கிறவர், தன் குழுவில் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டு வரைவைக் கேட்டார். அனுப்பினேன். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. 'மூன்று முறை படித்தேன். அழகான ஆங்கிலம். நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது மட்டும் தெரியவில்லை. பத்து நாளில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இல்லாமலே விண்ணப்பித்துவிடுவோம்.'

இதற்குள் சபையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது.

நம் சபையில் ஜெபக் குறிப்பு கேட்கும்போது, விவரம் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் 'ஒரு தனிப்பட்ட காரியம்' என்பார்கள். மாமியார், மூலம், மகனின் காதல், இந்த மூன்றில் ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் முதல் வாரம் நானும் அப்படியே சொன்னேன். டைல்ஸ் சுடுகிறவர்களும் கிரேன் ஓட்டுகிறவர்களும் இருக்கிற இடத்தில் ஐரோப்பா, ஆராய்ச்சி என்றால் பெருமை அடிப்பது போலாகிவிடும் என்று நினைத்ததாக மேடையில் சொன்னேன். அது பொய். சொன்னாலும் இவர்களுக்கு என்ன புரிந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார். நீங்களும் மன்னித்துவிட்டால் நல்லது.

படிவத்தை வெறித்து வெறித்து என் கண் சிவந்திருந்தது. பாட்டு நடக்கும்போது கை நடுங்கியது. சில சகோதரிகள் ஹெலனைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் அவளைத் தனியே அழைத்து, "கை நீட்டுவாராக்கா?" என்று கேட்டிருக்கிறார். ஹெலன், "எதுக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஷார்ஜா முவைலாவில் எங்கள் வீட்டு மணி அடித்தது. சபைச் செயலாளர் செல்வின், கூடவே ராஜன். செல்வின் ராஸ் அல் கைமாவில் பீங்கான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், நம்மூர் நாசரேத் பக்கத்துக்காரர். ராஜன் அங்கேயே எலெக்ட்ரீஷியன். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. நோயாளியைப் பார்க்க வருகிற முகம்.

"சார், நாங்க குத்தம் சொல்லுததுக்கு வரல," என்று செல்வின் தொடங்கினார். "மனுஷன்னா விழுறதுதான். எங்க அண்ணனே விழுந்து எந்திரிச்சவன்தான்."

"எங்க விழுந்தார்?"

செல்வின் ராஜனைப் பார்த்தார். ராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அஜ்மான்ல உங்க வண்டிய ரெண்டு வாட்டி பாத்தேன் சார். அந்தக் கடை முன்னாடி," என்றார்.

அந்தக் கடை எது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஷார்ஜாவில் மது கிடையாது, பக்கத்து அஜ்மானுக்குத்தான் போக வேண்டும். இங்கே இருந்துகொண்டு குடிகாரனாக வேண்டுமென்றால் அதற்கே தனியாக ஆராய்ச்சி நிதி வேண்டும்.

"ராஜன், பக்கத்துல டைப்பிங் சென்டர் இருக்கு. என் சான்றிதழ மொழிபெயர்க்கக் குடுத்திருந்தேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சார் சொல்லுவாங்க," என்றார் செல்வின், மிகுந்த அன்போடு.

ஹெலன் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். பெனிட்டா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்கிள், டாட் இஸ் டூ போரிங் டு ட்ரிங்க்," என்று என் கண்ணியத்தைக் காப்பாற்றினாள்.

வேறு வழியில்லை. சொன்னேன். டீன், ஐரோப்பா, லிஸ்பன், எல்லாம். செல்வின் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம்.

"அப்ப குடி இல்ல?"

"இல்ல."

"மூணு பொதங்கெழம பட்டினி கெடந்தோம் சார். இருபத்தாறு பேரு. சூளைப் பக்கத்துல, அந்தச் சூட்டுல நின்னுக்கிட்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படிக் குனிந்தது என் வாழ்க்கையில் சில தடவைதான்.

"சரி, என்னத்த ஆராய்ச்சி பண்ணுதீய?"

விளக்கினேன். பொருண்மை, வெளி, அரசியல். ராஜன் தான் கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துத் தானே தின்னத் தொடங்கினார். நான் முடித்ததும் செல்வின் கேட்டார்: "இதுல நீங்க எதப் பாக்கப் போறீய?"

லிஸ்பன் அம்மையார் கேட்ட அதே கேள்வி. ஐரோப்பாவிலிருந்து வந்தபோது அறிவுலகின் கூர்மை என்று நினைத்தேன். நாசரேத்திலிருந்து வந்தபோதுதான் குத்தியது.

"தெரியல, செல்வின். அதான் பிரச்சினை. இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. இது போச்சுன்னா ஆகஸ்ட்ல கிளம்பணும். பெனிட்டாவுக்கு படிப்பு பாதியில..."

செல்வின் எழுந்து நின்றார். ராஜன் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அவ்வப்போது நல்ல நடையில் ஜெபிக்கிறவன், தெரியும் அல்லவா? துணை வாக்கியங்கள் எல்லாம் வரும். செல்வினின் ஜெபம் இவ்வளவுதான்: "ஆண்டவரே, சார் ஒரு ஃபாரம் எழுதுதாரு. என்னத்துக்குன்னு அவருக்கே தெரியல. காமிச்சுக் குடும். பிள்ளை படிப்பக் காப்பாத்தும். ஆமென்."

இரண்டு மாதமாக நான் எழுதியவற்றில் இவ்வளவு தெளிவான திட்டச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு சீக்கிரம் வாங்க சார். ஜோசப்பு லீவுல ஊருக்குப் போயிட்டான், ஹால் வாங்க ஆளில்ல. குடிதான் இல்லன்னு ஆயிப்போச்சு, நாற்காலியாவது போடுங்க."

பதினோரு வருஷமாக இந்தச் சபைக்கு வருகிறேன். பாட்டு தொடங்கிய பிறகுதான் வருவேன். ஒருநாளும் ஹால் 'வாங்கியது' கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஹாலில் நமக்கு முன்னால் மலையாளத்தார், நமக்குப் பின்னால் பிலிப்பைன்ஸ்காரர், சாயந்தரம் எத்தியோப்பியர். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். அது தெரியும். ஒரு கூட்டத்தார் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வரும் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

மலையாளச் சபையின் ஒரு அம்மா சாவியையும் ஒரு நீள நோட்டையும் செல்வினிடம் கொடுத்தார். செல்வின் அதைப் படித்து, மின்விசிறியைப் போட்டுப் பார்த்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

"என்ன இது?"

"ஷிஃப்ட் மாறும்போது கம்பெனில எழுதுவோம்லா சார், சூளை எப்படி இருக்கு, எந்த மெஷின் மக்கர் பண்ணுதுன்னு. அதே மாதிரி இங்கயும் ஒண்ணு போட்டேன். முன்னால ஒரே சண்டையா இருந்துச்சு."

நாற்காலி போடாமல் படியில் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் உடைந்த ஆங்கிலம். 'மூன்றாம் மின்விசிறி சத்தம் போடுகிறது. கர்த்தர் நல்லவர்.' 'ஒரு குழந்தையின் செருப்பு கிடைத்தது. இடது கால்.' எத்தியோப்பியர் எழுதியது: 'பண்டிகைக்காகப் பச்சைப் புல் பரப்பினோம். மிச்சம் கிடந்தால் மன்னிக்கவும்.' அதன் கீழே அடுத்த வாரம் மலையாளத்தார்: 'புல் வாசனை நன்றாக இருந்தது. பெருக்கவில்லை. ஆராதனை முடியும்வரை வைத்துக்கொண்டோம்.' அதன் கீழே செல்வின்: 'நாங்களும்.'

என் பட்டத்துக்காகப் பழைய மிஷனரி அறிக்கைகளில் இப்படி ஒரே ஒரு வரிக்காக ஏழு வருஷம் தேடியிருக்கிறேன். கிடைத்ததில்லை. இங்கே ஒரு நோட்டு முழுக்க, என் நாற்காலியிலிருந்து இருபது அடி தூரத்தில், அலமாரிக்கு மேல் கிடந்தது. நான் புலம்பெயர் வெளிகளில் பொருண்மை தேடிக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது! அன்று பாட்டு தொடங்கியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இந்த முறை கண் சிவந்ததற்குக் காரணம் படிவம் இல்லை.

அன்று சாயந்தரமே தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். ஒரே ஹாலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழும் நான்கு கூட்டத்தார் ஒருவருக்கொருவர் என்ன எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதைப் பார்ப்பேன். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை லிஸ்பனிலிருந்து ஒரே வரி வந்தது: 'இதை ஏன் இவ்வளவு நாள் ஒளித்து வைத்திருந்தீர்கள்?' செல்வினும் நானும் நான்கு சபைகளுக்கும் போய்ச் சம்மதம் கேட்டோம். மே மாதம் விண்ணப்பம் போயிற்று. கணினியில் மட்டும் இருக்கிற படிவத்துக்கு முத்திரை வேண்டும் என்று எங்கள் அலுவலகம் ஒரு நாள் முழுக்க அடம்பிடித்ததைப் பற்றி எழுதினால் இது சாட்சியாக இராது, சாபமாகிவிடும்.

ஜூன் கடைசியில், காத்திருப்போர் பட்டியலில் முதலிடம் என்று மகிழ்ச்சியுடன் தெரிவித்தார்கள். காத்திருப்பதில் முதலிடம்! மகிழ்ச்சி அவர்களுடையது. ஹெலன் பெட்டிகளைத் துடைத்து வைத்தாள். சபை மறுபடியும் புதன்கிழமை உபவாசம் இருந்தது, இந்த முறை எதற்கென்று தெரிந்தே. நானும் இருந்தேன். ஜூலை இரண்டாம் வாரம், தேர்வான குழு ஒன்று விலகிக்கொண்டதாகவும் நிதி எங்களுக்கு என்றும் கடிதம் வந்தது. பணத்தில் பெரும்பகுதி லிஸ்பனுக்கு. எங்களுக்கு வந்தது கொஞ்சம்தான். டீனுக்கு அதுவே போதும். இணையதளத்தில் ஐரோப்பியக் கொடியைப் போட்டு, பக்கத்தில் தன் படத்தையும் போட்டுக்கொண்டார். என் ஒப்பந்தத்தை இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். பெனிட்டா இப்போது இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் மதிப்பெண் குறைவு. அதற்கு ஐரோப்பாவில் நிதி இல்லை.

சாட்சி இங்கே முடிந்தால் அழகாக இருக்கும். ஆனால் யூசுஃபைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு என் அறைக்கு வந்து, உண்மையான சந்தோஷத்தோடு கையைக் குலுக்கினார். அவரும் ஜெபிக்கிறவர்தான். நாளுக்கு ஐந்து வேளை, என்னைவிட ஒழுங்காக. எனக்கு ஏன் கிடைத்தது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். தெரிந்த மாதிரி நடித்து ஒரு பக்கம் எழுதிவிட என்னால் முடியும். அதுதான் என் தொழில். எழுத மாட்டேன். ஆண்டவர் எனக்கு உதவினார் என்பது மட்டும் தெரியும். என் தகுதிக்காக இல்லை என்பதும் தெரியும். என் தகுதியை அவர் பார்த்திருந்தால் அந்த நோட்டை இன்னும் உயரமான அலமாரியில் வைத்திருப்பார்.

இப்போது பாட்டு தொடங்கும் முன்பே வந்துவிடுகிறேன். நாற்காலி போடுகிறேன். ராஜனுக்குத் திருப்தியாக இல்லை, வரிசை கோணல் என்கிறார்.

யூசுஃப் இப்போது அம்மானில் இருக்கிறார். குவைத்தில் ஒரு கல்லூரி அவரை இணையவழி நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. இந்த மலர் கையில் கிடைக்கிற வாரத்துப் புதன்கிழமை, நம் நேரம் காலை பதினொரு மணிக்கு. அவருக்கு மூன்று பிள்ளைகள். எங்கே, எந்த டூட்டியில் இருந்தாலும், நம்பிக்கையோடு ஒரு நிமிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். சூளைப் பக்கம் நிற்கிறவர்கள் மட்டும் அன்று தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.