மறுபூசை போடாத கம்பெனி

நான் கல்லூரியில் பன்னாட்டு வணிகப் பாடம் நடத்துகிறேன். அதனால் உலகத்தில் எது நடந்தாலும் எங்கள் வீட்டில் என்னிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லி எனக்கும் பழக்கமில்லை.

என் தம்பி விக்கிரமசிங்கபுரம் பக்கம், அமெரிக்காவுக்குத் துண்டும் படுக்கை விரிப்பும் தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் மெக்கானிக். அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை ஏற்றியதும் ஆர்டர் நின்றுபோனது. இருந்தாலும் ஆயுதபூசைக்கு வழக்கம்போல மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தம்பியின் ஸ்பேனர் பெட்டியும் பூசையில் இருந்தது. மறுநாள் முதலாளி மறுபூசை போட்டு, அவர் கையால் கருவிகளை எடுத்துக் கொடுத்தால்தான் வேலையைத் தொடங்குவார்கள். முதலாளி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த வாரம்தான் வள்ளியூரில் ஒரு மில்லிலிருந்து தம்பியைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமையே சொந்தப் பெட்டியோடு வந்து சேர வேண்டும் என்றார்களாம். எனக்கு போன் போட்டான்.

“எக்கா, பெட்டி பூசையில இருக்கு. மறுபூசை போடாம எப்படி எடுக்க? இந்த வரி இறங்குமா, இறங்காதா? நீ சொல்லு.”

சாமி கோபித்துக்கொள்ளாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். படிக்காத எங்கள் அம்மாகூட அதைத்தான் சொல்லியிருப்பாள். நான் பாடம் எடுத்தேன்.

“இது பேரம் பேசுத வேலைதாம்லே. அவங்களுக்கும் நம்ம சரக்கு வேணும். ஒரு மாசம் பொறு, தானா இறங்கிரும்.”

நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. பொறுத்தான்.

வரி இறங்கவில்லை. வள்ளியூர் வேலைக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டார். கார்த்திகையில் மெஷின்களை லாரியில் ஏற்றி விற்றுவிட்டார்கள். தம்பி போய்ப் பெட்டியைத் தானே எடுத்து வந்தான். அதைத் தூக்கிக்கொண்டு மில் மில்லாக ஏறி இறங்குகிறான். எல்லா இடத்திலும் இருக்கிற ஆட்களையே குறைக்கிறார்கள். வாஷிங்டனில் யாரோ யாருடனோ முறைத்துக்கொண்டதற்கு என் தம்பி தன் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூசி நிற்கிறான். அதைப் பேரம் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

போன வாரம் டவுணில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்னக்கா எழுதுத?”

“நாளைக்கு நடத்துத பாடம்லே.”

“வரியப் பத்தியா?”

“ஆமா.”

கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “என்கிட்ட சொன்னதத்தான் காலேஜ் பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுக்கியா?”

ஆமா என்றேன். மறுநாள் போய் அதைத்தான் நடத்தினேன்.