முப்பத்தொண்ணுக்கு அடுத்த நாள்

திருப்பதியில் எங்கள் தெருவில் ஒரு பக்கம் கார் நின்றால் ஆட்டோ போகலாம். ரெண்டு பக்கமும் நின்றால் சைக்கிள்தான் போகும். மலைக்குப் போகிறவர்களும் இங்கேயே வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். முதலில் சாயங்காலம் நிறுத்தக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. யாரும் மதிக்கவில்லை. இந்த வெயில் காலத்தில் கார்ப்பரேஷன்காரர்கள் வந்து புது போர்டு நட்டார்கள். ஒத்தப்படைத் தேதியில் எங்கள் வீட்டுப் பக்கம், ரெட்டப்படைத் தேதியில் எதிர்ப்பக்கம் நிறுத்தலாம். காலை ஆறு மணிக்குள் மாற்றிவிட வேண்டும்.

நான் நகரியில் அஞ்சாவது வரை தமிழ் படித்தவள். தெலுங்கு பேசுவேன், படிக்க வராது. எங்கள் வீட்டுக்காரர்தான் போர்டைப் படித்துச் சொன்னார். ஆனால் தேதி கிழிப்பது நான். திருத்தணியில் வாங்கி வருகிற தமிழ்க் காலண்டர் சமையலறை வாசலில் தொங்கும். ஒரு தாள் கிழித்த பிறகுதான் அடுப்பு பற்றவைப்பேன்.

மே முப்பத்தொண்ணாம் தேதித் தாளைக் கிழித்தபோது ஒண்ணு வந்தது. நேற்றும் ஒத்தப்படை, இன்றும் ஒத்தப்படை. வெளியே எட்டிப் பார்த்தேன். தேதி பார்க்கிறவர்கள் வண்டியைத் தொடவில்லை. நேற்று இந்தப் பக்கம், இன்றைக்கு அந்தப் பக்கம் என்று பழக்கத்தில் மாற்றுகிறவர்கள் மாற்றிவிட்டிருந்தார்கள். தெரு அடைத்துக்கொண்டது. தண்ணி கேன்காரர் முனையில் நின்று, "இன்னாய்யா, கல்யாணமா? ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கவெச்சிக்கினு கீறீங்க?" என்று கத்தினார். தெருவே சிரித்தது. நானும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

ஜூன் கடைசியில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஏழு மணிக்கு மெஷினில் இருக்க வேண்டும். ஆறரைக்கு ஆட்டோ வாசலுக்கே வரும். கால் ரெண்டும் வீங்கி, பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும். ஒரு தடவை விட்டாலும் தண்ணி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஜூலையில் ஒரு நாள் காலண்டர் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தொண்ணு திங்கள். ஒண்ணு செவ்வாய். கையை எடுத்ததும் தாள்கள் விழுந்து மூடிக்கொண்டன.

எங்கள் வீடு முனையிலிருந்து மூணாவது. எங்கள் வரிசையில் முனை வீட்டுக்காரர் தேதி பார்த்து நிறுத்துகிறவர். அவருக்கு எதிர் வீட்டில் இருப்பவர் மனை வாங்கி விற்கிறவர், பழக்கத்தில் மாற்றுகிறவர். அவர் ஒருத்தர் மாற்றாமல் இருந்தால் ஆட்டோ உள்ளே வந்துவிடும். இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அப்போ போய்ச் சொல்லிட்டு வாமே."

போனேன். பெல் அடித்தேன். அந்தத் தம்பியே கதவைத் திறந்தார். "இன்னா பெத்தம்மா?" என்றார். எனக்கு அந்நியர் முன்னால் வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "கொஞ்சம் கறிவேப்பிலை வேணும்" என்றேன்.

"இதுக்கா இம்மாம் பயம்? கிளையாவே ஒடிச்சிக்கினு போ."

கிளையோடு வந்து நின்ற என்னை வீட்டுக்காரர் பார்த்தார். "இத வெச்சி ஆட்டோவுக்குத் தாளிக்கப் போறியா?" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரெண்டு கார்களும் எதிரும் புதிருமாக நின்றன. ஆட்டோக்காரர் முனையிலேயே ஹாரன் அடித்தார். "உள்ள வர முடியல ஆயா!" அவரும் தண்ணி கேன்காரரும் எங்கள் வீட்டுக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கினார்கள். கார்களுக்கு நடுவில் நாற்காலி நுழையவில்லை. கீழே இறக்கினார்கள். அவர் காரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். "யோவ், பெயிண்டு போயிடும்!" என்று எதிர் மாடியிலிருந்து அந்தத் தம்பியின் சத்தம். அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருப்பார் போல, சத்தம் நின்றது. கார் சாவி கீழே வர நேரமாயிற்று. அதற்குள் நாங்கள் போய்விட்டோம்.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் மெஷினில் வேறொருத்தர் இருந்தார். பன்னிரண்டு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணிக்குள் முங்கினவர் மாதிரி மூச்சுக்குத் தவித்தார். பிழைத்து வந்தார். ஆனால் அன்றிலிருந்து அவரால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்க மாட்டார் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆகஸ்ட் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தொண்ணு வியாழன். ஒண்ணு வெள்ளி.

இந்தத் தடவை வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிட்டேன். "தம்பி, நாளைக்கும் ஒத்தப்படைதான். காரை எடுக்காத."

"எனக்குத் தெரியாதா பெத்தம்மா? போன மாசம் ஏதோ மறந்துட்டேன்" என்றார். கண் செல்போனில் இருந்தது. நிமிரவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே தேதியைக் கிழித்தேன். அதே பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போய் அவர் வீட்டு முன்னால், அவர் கார் வந்து நிற்கிற இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். நான் தெருவில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பால் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே அவர் கார் உறுமியது. விளக்கு என் மேல் திரும்பியது. ஹாரன் அடித்தார். கண் கூசியது, ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கார் ஒரு முழம் நகர்ந்தது. இன்னும் ஒரு முழம். கையில் வைத்திருந்த, கிழித்த முப்பத்தொண்ணாம் தேதித் தாளைத் தூக்கிக் காட்டினேன்.

இன்ஜின் நின்றது. "அய்யோ, எழுந்திரு பெத்தம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றார். காரைப் பின்னால் எடுத்துப் பழைய இடத்திலேயே விட்டார். நான் எழுந்திருக்கவில்லை. ஆட்டோ என்னைத் தாண்டி எங்கள் வாசலுக்குப் போன பிறகுதான் எழுந்தேன்.

போன வாரம் ரெண்டு முனையிலும் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வேறு சட்டம் வருகிறதாம். என்ன சட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பம் மட்டும் நிற்கிறது. அவரவர் இஷ்டத்துக்கு நிறுத்துகிறார்கள். நாளைக்குச் செவ்வாய். நாற்காலியை வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.