எருமைக்குத் திமில் உண்டா?

எங்கள் நார்த்மீட் வீட்டுச் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே, கொஞ்ச நாள் ஓர் அமெரிக்க ஐந்து சதக் காசு இருந்தது. அம்மா அதற்குப் பூவும் வைத்தார். அதை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டது மாமாவின் வாய்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். பிளாக்டவுனில் கார் கழுவும் இடமொன்றில் வேலை செய்துகொண்டு விசாவுக்குக் காத்திருந்தார். யாரோ ஒருவரின் கார் இருக்கைக்கு அடியில் அந்தக் காசு கிடைத்ததாம். கார்க்காரர் நீயே வைத்துக்கொள் என்றுவிட்டாராம். எனக்கு அப்போது ஒன்பது வயது. காசு சேர்க்கும் பைத்தியம் முற்றியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்கிற நான், காசைப் பற்றிக் கேட்டால் வாயை மூட மாட்டேன். அப்படிக் கேட்கிற ஆள் மாமா ஒருவர்தான்.

காசின் ஒரு பக்கம் அமெரிக்கப் பழங்குடி மனிதர் ஒருவரின் முகம், முடியில் இறகு. மறுபக்கம் தலையைத் தாழ்த்தி நிற்கும் பெரிய மிருகம். இணையத்தில் தேடி, அதன் பெயர் பஃபலோ நிக்கல் என்று கண்டுபிடித்தேன். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

"எருமைக் காசு, அம்மா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாமாவிடம் வந்தார். அந்த வியாழக்கிழமைதான் மாமாவுக்கு விசாரணை. அவர் சொல்வதை அங்கே நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குக்கூடத் தெரியும்.

"எமன்ர வாகனத்தை ஏன்டா இந்த நேரத்தில வீட்டுக்குள்ள கொண்டு வந்தனி? கொண்டுபோய் எறி!"

மாமா அசரவில்லை. காசை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"அக்கா, வடிவாப் பாருங்கோ. எருமைக்குத் திமில் இருக்கோ? இது நந்தி."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். திமில் இருந்தது, அதுவும் தாராளமாக. அமெரிக்காக்காரன் எதற்கு நந்தியைக் காசில் போட்டான் என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரம் அவருக்கு நந்திதான் தேவையாக இருந்தது. அது எருமையுமில்லை நந்தியுமில்லை, பைசன் என்கிற அமெரிக்கக் காட்டுமாடு என்று நான் திருத்தப் போனேன். வேண்டாம் என்று மாமா கண்ணைக் காட்டினார். படித்ததைச் சொல்லாமல் விட மனமில்லாமல், பேர்தான் நிக்கல், முக்கால் பங்கு செம்பு, எக்கிட்னா என்கிற முள்ளுடம்பு விலங்கின் படம் போட்ட இந்த நாட்டு ஐந்து சதமும் அதே கலவைதான் என்றேன். எக்கிட்னா அம்மாவின் காதில் ஏறவில்லை.

"செம்போ? அப்ப தட்டில வைக்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் மாமா திரும்பி வந்து, சாப்பாடு வேண்டாம் என்றார். குசினியில் அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. ஊரில் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனது மாசி முடிகிற நேரம். முதல் நேர்காணலில் அவர் 'மாசிக் கடைசி' என்று சொல்ல, மொழிபெயர்த்தவர் பெப்ரவரிக் கடைசி என்று சொல்லிவிட்டார். மாமா சொன்னது பஞ்சாங்கத்து மாசி. அது முடிய மார்ச் நடுப்பகுதியாகும். இப்போது மாமா மார்ச் என்றதும், எது உண்மை, எது உண்மை என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அவர், எனக்கு நாள் நினைவில்லை என்றுவிட்டாராம்.

நான் தட்டிலிருந்து காசை எடுத்து வந்து பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பிள்ளை தேடுறியள்?"

"வருஷம். ஆனா இதில இல்லை, மாமா. இந்த மனுசன்ர தோள்ல, மேடான இடத்தில போட்டிட்டாங்கள். எல்லாற்ர கையும் பட்டு அதுதான் ஃபர்ஸ்ட் தேஞ்சது."

"அப்ப இதைக் கள்ளக்காசு எண்டு சொல்லுவினமோ?"

"நோ! காசு ரியல். செம்பு, நிக்கல் எல்லாம் அப்பிடியே இருக்கு. வருஷம்தான் தெரியாது."

அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லையா என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்காகவே நான் காத்திருந்தேன்.

"இருக்கு. அசிட் ஒரு துளி விட்டா நம்பர் தெரியும். ஆனா அந்த இடம் எரிஞ்சு பழுதாப் போகும். பிறகு அந்த மார்க் போகவே போகாது."

மாமா காசை என் கையிலிருந்து எடுத்து, அந்த மனிதரின் தோளைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. பாவம், அதைப் போட்டுக் கிண்டாதைங்கோ."

அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை மலிவான ஒரு காசுக்காக ஒரு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதனால் அவரை ஆறுதல்படுத்த, ஒருநாளும் அசிட் வாங்க மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.