விசிலாரின் வெள்ளைக் கோடு

“என் வாயிலேர்ந்து ஒரு தீர்ப்பு வந்துட்டா வந்ததுதான். அதைத் திருப்பி முழுங்கின சரித்திரமே கிடையாது.”

முடிதிருத்தும் கடையில், கழுத்தைச் சுற்றித் துணியும் பாதி வெட்டிய தலையுமாக உட்கார்ந்திருந்தபோது விசிலார் வெளியிட்ட பிரகடனம் இது. கத்தரி காதோரம் இருக்கும்போது ஆளைக் கிளப்பிவிடக் கூடாது என்பதால் கடைக்காரரும் மறுத்துப் பேசவில்லை.

பிழைப்புக்கு விசிலார் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார். எந்த நடுவரைப் பார்த்தாலும் “கண்ணாடி போட்டுட்டு வாய்யா” என்று கத்துவது மக்களின் பிறப்புரிமை. ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கும் விசிலாரைப் பார்த்தும் அப்படிக் கத்தியவர்களுக்கு அவர் கோபிக்காமல் கடைக்கு வழி சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் வந்து சோதித்துப் பார்த்ததில், கண்ணாடி அவர்களுக்குத்தான் தேவைப்பட்டது என்று கேள்வி.

விடுமுறை நாளென்றால் மனிதர் வீட்டில் தங்க மாட்டார். கால்பந்து, கிரிக்கெட், டென்னிஸ், வாலிபால் எதுவானாலும் சரி, கூப்பிட்டவர் வாய் மூடுவதற்குள் விசிலோடு வந்து நிற்பார். விசிலே தேவைப்படாத ஆட்டங்களிலும் அது கழுத்தில் தொங்கும். பெயர் அப்படித்தான் வந்தது. ‘ஆர்’ மட்டும் நாங்கள் மரியாதைக்குச் சேர்த்தது.

விதிகள் மைதானத்தோடு நின்றுவிடவில்லை. கடை வரிசையில் யாராவது முந்தினால் ஆஃப்சைடு. மனைவி குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டால் டபுள் ஃபால்ட். அக்கா வீட்டுக்காரர் விருந்துக்கு வந்து பேச்சை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “அத்தான், எக்ஸ்ட்ரா டைமும் முடிஞ்சுது” என்பார். ஒருமுறை அத்தான் பதிலுக்கு, டென்னிஸில் பதினைந்து, முப்பது என்று ஏறிக்கொண்டு போய் நாற்பத்தைந்துக்குப் பதிலாக ஏன் நாற்பதில் வந்து நிற்கிறது என்று கேட்டார். விசிலார் சற்று யோசித்து, கேள்வி கேட்டவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

அவருக்குப் பிடித்த பாடம் கோடு. பார்க்க எல்லாம் ஒரே வெள்ளைக் கோடுதான், குணம்தான் வேறு வேறு என்பார். இறகுப்பந்திலும் டென்னிஸிலும் கோட்டில் விழுந்தால் உள்ளே. கால்பந்தில் பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. கூடைப்பந்தில் அப்படியே தலைகீழ். கோட்டைத் தொட்டாலே வெளியே. இதை அவர் பல் தேய்த்துக்கொண்டே விளக்கக் கேட்டவர்கள் உண்டு.

தீர்ப்பை மாற்றாத பெருமைக்கும் சாட்சிகள் உண்டு. கிரிக்கெட்டில் ஓர் ஓவருக்கு ஏழு பந்து எண்ணிவிட்டு, ஏழாவதில் அவுட்டான ஆளிடம், “ஆறுதான், போ” என்றவர் அவர். போனவன் அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

இப்படிப்பட்டவருடைய மனைவியும் அக்காவும் எங்கள் இறகுப்பந்துக் கழகத்தின் பெண்கள் இறுதியாட்டத்தில் மோதினார்கள். மூன்றாம் ஆண்டாக. முன்னிரண்டிலும் கோப்பை நாத்தனார் வீட்டு அலமாரிக்கே போனது. அக்கா அதில் பேனா, சீப்பு, காலாவதியான மாத்திரை எல்லாம் போட்டு வைத்திருந்தாள். போகும்போதெல்லாம் மனைவியின் கண் அந்த அலமாரியில் போய் ஒட்டிக்கொள்ளும். இம்முறை விட்டால் விட்டதுதான்: பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைக் கவனிக்கும் அவளுக்கு அடுத்த மாதத்திலிருந்து மாலை நேர வேலை. கழகம் திறப்பதே மாலையில்தான்.

யார் நடுவராக இருப்பது என்ற கேள்விக்கு மற்ற எல்லோரும் உயிருக்குப் பயந்து விலகினார்கள். விசிலார் ஒப்புக்கொண்டார். “இந்தப் பக்கம் பொண்டாட்டி, அந்தப் பக்கம் அக்கா. என்னை விட நடுவுல இருக்கிறவன் யாரு?” என்றார்.

அன்று மதியமெல்லாம் அவர் கூடைப்பந்துக்கு விசில் ஊதிவிட்டு, சட்டை காயாமல் நேரே வந்திருந்தார். உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். எண் அட்டைகளைப் புரட்டும் பொறுப்பு அத்தானுக்கு.

ஆளுக்கொரு செட். மூன்றாவதில் மனைவி இருபது, அக்கா பத்தொன்பது. இன்னும் ஒரு புள்ளி போதும். நெடுநேரம் இறகுப்பந்து அங்கும் இங்கும் பறந்தது. கடைசியில் மனைவி அதை உயரத் தூக்கி அடித்தாள். அக்கா பின்னால் ஓடி, எட்டாமல் நின்றாள். பந்து பின்கோட்டின் மேலேயே குத்தி நின்று, சாய்ந்தது.

“கோட்டைத் தொட்டுடுச்சு, அவுட்” என்றார் விசிலார்.

அத்தான் பழக்கதோஷத்தில் அட்டையைப் புரட்டிவிட்டார். இருபதுக்கு இருபது.

மனைவி வலைக்கு அந்தப் பக்கமிருந்து கணவனை ஒரு பார்வை பார்த்தாள். வாதாடவில்லை. அந்த வாயிலிருந்து வந்தது திரும்பாது என்று இத்தனை வருடம் கூடவே குடித்தனம் செய்பவளுக்குத் தெரியாதா? ராக்கெட்டின் நரம்பை விரலால் நேராக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

அக்கா பந்தைக் குனிந்து எடுத்தாள். எடுத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, வெகு சாதாரணமாக,

“டேய், இது எந்த ஆட்டம்டா?” என்றாள்.

மதியம் கூடைப்பந்துக்கு ஊதிய விசில் அப்போதுதான் விசிலார் காதில் விழுந்திருக்க வேண்டும். அவருடைய நிலைமையையும் நாம் யோசிக்க வேண்டும். மாற்றினால், பொண்டாட்டிக்குக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தான் என்று ஊர் சிரிக்கும். முடிதிருத்தும் கடையில் இனி கழுத்தை நீட்ட முடியாது. மாற்றாவிட்டால் ஒன்றும் ஆகாது, யாரும் கேட்கப் போவதில்லை, இரவு சாப்பாடு உட்பட எல்லாம் வழக்கம்போல் நடக்கும். அந்த ‘வழக்கம்போல்’தான் அவரை உறுத்தியது போலும். நரம்பை நேராக்கிக்கொண்டிருந்த மனைவியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சர்வீஸுக்குப் பந்தைப் பிடித்தாள்.

“அக்கா, இரு.”

நாற்காலியிலிருந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், லென்ஸ் தேய்க்கிறவர் ஒருநாளும் செய்யக் கூடாத காரியம் அது. யாரையும் பார்க்காமல் எண் பலகைக்கு நடந்தார். அத்தான் ஏதோ கேட்க வந்து, முகத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டார்.

அக்காவின் அட்டையை இருபதிலிருந்து பத்தொன்பதுக்கு விசிலாரே திருப்பினார். மனைவியின் அட்டையை இருபத்தொன்றுக்குப் புரட்டினார். அது சரியாக விழாமல் பாதியில் நின்றது, சுட்டுவிரலால் அழுத்திவிட்டார்.

“உள்ளதான் விழுந்துச்சு. நான் சொன்னது தப்பு” என்றார், பலகையிடம்.