கழுகும் காலை மாத்திரையும்

என் அண்ணன் தன் நிழலைக்கூட டிக்கெட் கேட்டுவிட்டுத்தான் கூட வர விடுவார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. கண்டக்டர்கள் வைத்த பெயர் கழுகு. தூங்குகிறவர்களையும் தட்டி எழுப்பிக் கேட்பார். "நெசமா தூங்கறவனுக்கு வாய் தொறந்திருக்கும். நடிக்கிறவன் வாயை மூடிக்கிட்டுத்தான் தூங்குவான்" என்பார். வீட்டிலும் அதே கண்தான். பால் பொங்கி வழிந்துவிட்டது என்று அண்ணி சொன்னால், அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி இல்லை என்பதை ஏற்றுக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. முதலில் லேபைச் சந்தேகப்பட்டார். வேறொரு லேபும் அதையே சொன்னதும், இரண்டு லேபும் பங்காளிகளோ என்று விசாரித்தார். கடைசியில் அவருக்கு இன்னொருவரின் ஸ்டெம் செல் ஏற்ற வேண்டியிருந்தது. என்னுடையது பொருந்தியது. என் செல் நிறைந்த பையை அவர் தலைமாட்டில் தொங்கவிட்டபோது அண்ணியும் நானும் அழுதோம். அவர் மட்டும் எக்கிப் பார்த்து, அதில் ஒட்டியிருப்பது தன் பெயர்தானா என்று படித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். "இனிமே உங்க தங்கச்சியோட செல்தான் உங்க உடம்புக்குக் காவல். ஆனா அதுக்கு உங்க உடம்பு புதுசு. தோல், குடல், ஈரல்னு எதை வேணா எதிரின்னு நெனச்சு அடிக்கும். அது அடிக்காம அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. உயிரே இதுலதான் இருக்கு."

"அதாவது, வேலியே பயிரை மேயும்ங்கறீங்க" என்று அண்ணன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணி பள்ளிக்கூட டீச்சர், காலையில் லீவு கிடைக்காது. அதனால் நான் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன்; ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. அன்றைக்கு மட்டும் காலை மாத்திரையை வீட்டில் போடக்கூடாது. கையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். நர்ஸ் இதை ஒவ்வொரு முறையும் சொல்வார், அண்ணனும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவார்.

ரத்தத்தில் மருந்து அதிகமாக இருக்கிறது என்று முடிவு வந்தது. டாக்டரம்மா அளவைக் குறைத்தார். மறுபடியும் அதிகம், மறுபடியும் குறைத்தார். அப்புறம் அண்ணனின் உள்ளங்கைகள் சிவந்தன. அவர் முதலில் சோப்பைச் சந்தேகப்பட்டார், அடுத்து அண்ணி துணி துவைக்கும் தூளை. சிவப்பு கழுத்துக்கு ஏறியதும் என்னிடம் வந்து நின்றார்.

"உன் ஆளுங்க வேலையக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க."

டாக்டரம்மாவுக்கும் புரியவில்லை. "மருந்து போதுமான அளவுக்கு மேலயே இருக்கு. அப்புறம் ஏன்? ஒழுங்கா போடறாரா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். போடுகிறார் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. குப்பைக்கூடையைக் கிளறினேன், தலையணை உறையை உதறினேன், வாஷ்பேசின் குழாயைக்கூடக் குனிந்து பார்த்தேன். டப்பாவில் இருக்க வேண்டிய மாத்திரைகள் சரியாகவே இருந்தன. பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பென்று தாண்டவும் முடியவில்லை.

அடுத்த பரிசோதனையில், ஊசி எடுத்ததும் மாத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கத் திரும்பினேன். எதிரே கண்ணாடிக் கதவு. அதில் அண்ணனின் கை வாய்க்குப் போகாமல் சட்டைப் பைக்குப் போனது தெரிந்தது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சாகறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"கத்தாத. வீட்லயே போட்டுட்டுத்தான் வந்தேன்."

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி போடக்கூடாதுன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றாங்களே!"

"சொல்வாங்க. நானுந்தான் சொல்லுவேன், 'டிக்கெட் எடுக்கலன்னா பரவால்ல சார், உண்மையச் சொல்லுங்க'ன்னு. நம்பி வாயத் தொறந்தவன் மாட்டுவான். யாரு மாத்திரை போடாம ஏமாத்தறான்னு புடிக்கத்தானே ரத்தம் எடுக்கறாங்க? என் ரத்தத்துல மருந்து இல்லன்னா நான் திருடன்! அதான் கெளம்பும்போது பாத்ரூம்ல ஒண்ணு போட்டுக்குவேன். இதைக் கொண்டுபோய் டப்பாவுல போட்டா கணக்கு சரியாயிடும்."

அவரைத் தரதரவென்று இழுத்துப்போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தினேன். கேட்டுவிட்டு டாக்டரம்மா தன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி போட்டது கரைஞ்சு, காலை மாத்திரைக்கு முன்னாடிதான் ரத்தத்துல மருந்து ரொம்பக் கம்மியா இருக்கற நேரம். அப்ப பார்த்தாத்தான் அளவு போதுமா போதாதான்னு தெரியும். நீங்க போட்ட சூட்டோட வந்து குடுத்திருக்கீங்க. அதிகம்னு நம்பி நானே குறைச்சுட்டேன்." அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தின் அளவைக் கூட்டி, கூடவே ஸ்டீராய்டும் ஆரம்பித்தார்கள். வயிற்றுக்கும் பரவினால் காப்பாற்றுவது சிரமம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்கள்.

கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணா?"

அவர் தோலுரிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடிக்கிறதே உன் ஆளுங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. இத்தனை நாளும் இந்த மனிதர் எதிராளி வீட்டில் படுத்திருப்பவர்போலத்தான் கண்ணயர்ந்திருக்கிறார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. எழுந்து வெளியே போய் அழுதேன்.

வயிற்றுக்குப் பரவவில்லை. சிவப்பு மெல்ல வடிந்தது. வீடு திரும்பியதும் மாத்திரை டப்பாவை என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுபடி பரிசோதனை நாள். ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். அண்ணன் பாத்ரூம் போக எழுந்தார். இரண்டடி வைத்தவர் திரும்பி வந்து, சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் என் மடியில் கொட்டினார். சீப்பு, கைக்குட்டை, பஸ் பாஸ்.

"பார்த்துக்க. எதுவும் இல்ல."

நர்ஸ் சிரித்துவிட்டார். "பாவம்மா அவரு, நம்புங்க."

நம்புகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் கைகள் சிவந்து உரிந்ததைப் பார்த்த பிறகு அது வரவில்லை.

"ஷூவையும் கழட்டுங்க" என்றேன்.

அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டையும் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.